மதுரைத் திட்டத்தின் முகப்புத் தாள்: ஒரு மதிப்பீடு

மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டம், சுருக்கமாக மதுரைத் திட்டம், 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கப்பட்டது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அதன் தலைவர். அமெரிக்காவில் பணியாற்றிய முனைவர் குமார் மல்லிகார்ஜுனன் துணைத் தலைவர். அரசுப் பணமோ தனியார் நன்கொடையோ எதிர்பார்க்காமல், உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் வீட்டில் உட்கார்ந்து பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். வேறு சிலர் மெய்ப்பு பார்த்தார்கள். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று இணையத்தில் வைத்தார்கள். 1971-இல் மைக்கேல் ஹார்ட் அமெரிக்காவில் தொடங்கிய குட்டன்பர்க் திட்டம் இதற்கு முன்மாதிரி. மதுரை என்ற பெயர் சங்கம் இருந்த ஊரை நினைத்து வைக்கப்பட்டது. திட்டத்துக்கு மதுரையில் அலுவலகம் ஏதும் இல்லை. இந்த மாவட்டத்துக்காரனான எனக்கு அதில் சிறிது வருத்தம் உண்டு.

இத்திட்டத்தைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை பாராட்டுரைகள். அவை தகுதியான பாராட்டுகள்தாம். ஆனால் எல்லோரும் பாராட்டுவது அது இலவசமாகக் கிடைக்கிறது என்பதை. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் தமிழாசிரியராக இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு நாள்தோறும் இந்தக் கோப்புகளைப் புரட்டுகிறவன் என்ற முறையில் எனக்கு வேறொன்று முக்கியமாகப் படுகிறது. ஒவ்வொரு மின்னூலின் தலைப்பிலும் ஒரு முகப்புத் தாள் இருக்கிறது. பெரும்பாலோர் அதைத் தள்ளிவிட்டுக் கீழே போய்விடுவார்கள். திட்டத்தின் பலமும் பலவீனமும் அந்தத் தாளில்தான் இருக்கின்றன என்பது என் கருத்து.

முகப்பில் உள்ளது

அந்தத் தாளில் நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் இருக்கும். தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்பு பார்த்தவர் யார், இணையப் பக்கமாக ஆக்கியவர் யார் என்று நன்றியுரை இருக்கும். ஸ்கேன் செய்த பிரதியை வேறொரு நூலகம் தந்திருந்தால் அதன் பெயர் இருக்கும். பலர் பக்கம் பக்கமாகப் பிரித்துக்கொண்டு மெய்ப்பு பார்த்த நூல் என்றால் அத்தனை பேரும் வரிசையாக வருவார்கள். இந்த முகப்பை நீக்காமல் கோப்பைத் தாராளமாகப் பரப்பலாம் என்ற ஒரே நிபந்தனையும் அங்கே இருக்கும்.

இது தமிழுக்குப் புதிய வழக்கம் அன்று. ஒரு நூலின் பாயிரத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது. செய்தவர் பெயர், எந்த வழியில் வந்தது, எந்த எல்லைக்குள் வழங்குவது, யார் கேட்பதற்கு உரியது என்று அந்தக் கணக்கு நீளும். வகுப்பில் இதை நடத்தும்போது பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். நானும் தேர்வுக்கு வரும் என்று சொல்லித்தான் மனப்பாடம் செய்ய வைத்தேன். ஓலைச்சுவடியைப் பெயர்த்து எழுதியவர்களும் பல சுவடிகளின் கடைசியில் தம் பெயரையும் எழுதி முடித்த நாளையும் குறித்திருக்கிறார்கள். உ.வே. சாமிநாதையர் தம் பதிப்புகளின் முகவுரையில் எந்த ஊரில் யாரிடமிருந்து ஏடு கிடைத்தது என்று பெயர் பெயராக எழுதினார். அதை வெறும் நன்றியறிதல் என்று நினைத்துவிடக் கூடாது. பாடத்தில் ஐயம் வந்தால் எந்த ஏட்டைத் திரும்பப் பார்ப்பது என்று பின்னால் வருகிறவருக்கு வழி விட்டுச் செல்லும் காரியம் அது.

அந்த அளவுகோலை வைத்தால் மதுரைத் திட்டத்தின் கோப்புகள் எல்லாம் ஒரே தரம் அல்ல. பிற்காலத்தில் வந்தவற்றில் மூலப் பதிப்பின் தலைப்புப் பக்கம், அச்சகம், ஆண்டு எல்லாம் பெரும்பாலும் தரப்பட்டிருக்கின்றன. அவற்றை நம்பி மேற்கோள் காட்டலாம். தொடக்க ஆண்டுகளின் கோப்புகள் பலவற்றில் தட்டச்சு செய்தவர் பெயர் இருக்கிறது, எந்தப் பதிப்பைப் பார்த்து என்பது இல்லை. புறநானூற்றை எடுத்துக்கொள்வோம். உ.வே.சா. அதை 1894-இல் முதலில் பதிப்பித்தார். மேலும் ஏடுகள் கிடைக்கக் கிடைக்கத் திருத்தி 1923-இலும் 1935-இலும் மறுபடி வெளியிட்டார். பதிப்பித்தவரே தம் பாடத்தை இரண்டு முறை சீர்பார்த்திருக்கிறார். பிறகு வந்தவர்கள் சந்தி பிரித்தும் சீர் மாற்றியும் அச்சிட்டார்கள். இவற்றில் எதைப் பார்த்தது என்று தெரியாத மின்பாடத்தில் ஒரு சொல் வேறாக இருந்தால், அது பாடபேதமா தட்டச்சுப் பிழையா என்று சொல்ல வழியே இல்லை. முதல் சில ஆண்டுகளில் நூலை எப்படியாவது கணினிக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற அவசரம் இருந்திருக்கும். அது நியாயமான அவசரம். ஆனாலும் இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பழைய முகப்புகளை நிரப்பும் வேலை பாக்கியிருக்கிறது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு சொல் போன கதை

எங்கள் கொட்டாம்பட்டி மதுரையிலிருந்து திருச்சி சாலையில் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். மதுரை நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு இங்கிருந்து ஒரு பிள்ளை போய் வர ஒரு பகல் போய்விடும், கையில் காசும் வேண்டும். ஆகவே பிள்ளைகளுக்கு நூலகம் என்பது அப்பாவின் போன்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், செய்யுள் ஒப்புவித்தல் போட்டிக்காகச் சங்கப் பாடல்கள் சிலவற்றை ஒரு செயலியிலிருந்து படித்தாள். நடுவர் கையில் அச்சுப் புத்தகம். ஒரு பாடலில் ஒரு சொல்லில் ழகரம் ளகரமாகி வேறு பொருள் வந்துவிட்டது. இன்னொன்றில் ஓர் அடியே இல்லை. பரிசு போயிற்று. மாலையில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தாள். “போன்ல இப்பிடித்தான் இருந்துச்சுங்கய்யா” என்று காட்டினாள். அவள் சொன்னது உண்மை. போனில் அப்படித்தான் இருந்தது.

மதுரைத் திட்டத்தின் கோப்பைத் திறந்து பார்த்தேன். அந்தச் சொல் அங்கே சரியாக இருந்தது, அடியும் இருந்தது. அச்சுப் புத்தகத்திலும் அப்படியே. செயலிக்காரர் எங்கிருந்து எடுத்தார் என்று அறியச் செயலியை மேலும் கீழும் தேடினேன். ஆசிரியர் பெயர், பதிப்பு, தட்டச்சு செய்தவர் பெயர் எதுவும் இல்லை. பிழை சொல்வதற்கு ஒரு முகவரி இல்லை. இரண்டு பாட்டுக்கு ஒரு விளம்பரம் மட்டும் தவறாமல் வந்தது. விளம்பரம் வேண்டாம் என்றால் கட்டணம்.

பணம் வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. பொதுவில் கிடப்பதை எடுத்து அச்சிட்டு விற்கலாம், அதுவும் பொதுமையின் ஒரு பகுதிதான். முகப்பை அறுத்துவிட்டு விற்பதுதான் குறை. முகப்பு இருந்திருந்தால் அந்தப் பெண்ணே மூலத்தைத் தேடிப் போய் ஒப்பிட்டிருக்கலாம், நானும் யாருக்காவது எழுதியிருக்கலாம். முகப்பு போனதும் அந்தப் பாடம் அனாதையாகிவிட்டது. அந்தப் பிழை இனி அங்கிருந்து வேறு பத்து இடங்களுக்குப் போகும், அந்தப் பத்திலும் யாரைக் கேட்பது என்று தெரியாது.

உரிமைக் குறி

இங்கே திட்டத்தின் மீதும் ஒரு விமரிசனம் இருக்கிறது. முகப்பில் காப்புரிமைக் குறி போட்டுத் திட்டத்தின் பெயரும் ஆண்டும் இடப்பட்டிருக்கின்றன. திருக்குறளுக்கு யார் உரிமை கோர முடியும்? பழைய நூலைப் பார்த்துத் தட்டச்சு செய்த உழைப்புக்குக் காப்புரிமை உண்டா? ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை நான் புரிந்துகொண்ட அளவில், உழைப்பு மட்டும் போதாது, குறைந்த அளவுக்காவது படைப்புத் தன்மை இருக்க வேண்டும். அப்படியானால் முகப்பை நீக்காதே என்ற நிபந்தனையைச் சட்டத்தைக் காட்டி யாரிடமும் வற்புறுத்த முடியாது. அது ஒரு வேண்டுகோள்தான்.

வேண்டுகோள் என்றே வெளிப்படையாக எழுதியிருந்தால் அதற்கு மரியாதை கூடியிருக்கும். உரிமைக் குறியைப் பார்த்து, இதைப் பயன்படுத்தலாமா கூடாதா என்று தயங்கிய ஆசிரியர்களை நான் அறிவேன். வினாத்தாளில் ஒரு பாட்டைச் சேர்க்க அனுமதிக் கடிதம் எழுதலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். திருடுகிறவர் எந்தக் குறியைக் கண்டும் தயங்குவதில்லை, நேர்மையானவரே தயங்குகிறார். அந்தக் குறியை எடுத்துவிட்டு, இந்நூல் பொதுவுடைமை, இந்த உழைப்பாளர்களின் பெயரை விடாமல் எடுத்துச் செல்லுங்கள், பிழை கண்டால் இங்கே எழுதுங்கள் என்று தமிழிலேயே மூன்று வரி எழுதலாம்.

எழுத்துருக்களின் காலம்

திட்டத்தின் பெருமைகளில் நான் முதலில் வைப்பது, இன்றைய இளைஞர்களுக்குத் தெரியாத ஒன்று. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கணினித் தமிழ் ஒரு சந்தைக்கடை. ஆளுக்கு ஒரு எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு குறிமுறை. கல்யாணசுந்தரமே மயிலை என்ற எழுத்துருவை உருவாக்கி இலவசமாகத் தந்தவர். பின்னர் திஸ்கி வந்தது, தமிழக அரசு தாம், தாப் என்று வேறு இரண்டு கொண்டுவந்தது. மேலூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து முதன்முதலாக ஒரு சங்க நூலைத் திறந்தபோது, ஐரோப்பிய எழுத்துகளின் தலையில் புள்ளியும் கொம்பும் வைத்த குப்பைதான் திரையில் தெரிந்தது. எழுத்துரு இறக்க வேண்டும் என்று கடைப்பையன் சொல்வதற்குள் என் அரைமணி நேரம் போய்விட்டது.

அந்தக் காலத்தில் அப்படி ஏற்றப்பட்ட தமிழ் எவ்வளவோ இன்று யாராலும் படிக்க முடியாமல் போயிற்று. மதுரைத் திட்டம் தன் நூல்களைத் திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றியது. புதிதாக ஒன்றைச் சேர்த்தால் பாராட்டு வரும், பழையதை அழியாமல் பெயர்த்து எழுதினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். சுவடி படியெடுத்தவர்களின் வேலை அதுதான். பனையோலைக்கு ஆயுள் சில நூறு ஆண்டு என்றால் கணினிக் குறிமுறைக்குப் பத்து ஆண்டு, அவ்வளவுதான் வித்தியாசம்.

பெயர்த்து எழுத ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்திய மின்னூலகம் சாட்சி. அரசு ஆதரவோடு பல லட்சம் நூல்களை ஸ்கேன் செய்து வைத்திருந்த அந்தத் தளம், காப்புரிமைச் சிக்கலில் 2017 வாக்கில் மூடப்பட்டது. அதில் இருந்த தமிழ் நூல்கள் இன்று நமக்குக் கிடைப்பதற்குக் காரணம், கார்ல் மலமுட் என்ற அமெரிக்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் அவற்றைப் படியெடுத்து இணைய ஆவணகத்தில் ஏற்றி வைத்திருந்தது. பெரிய நிறுவனம் வைத்திருக்கிறது, நமக்கென்ன என்று இருந்திருந்தால் அவ்வளவும் போயிருக்கும். மதுரைத் திட்டத்தின் கோப்புகள் கையளவு சிறியவை. மொத்தத்தையும் ஒரு பென்டிரைவில் போட்டு வைக்கலாம், நான் வைத்திருக்கிறேன்.

படமும் எழுத்தும்

இப்போது தமிழ் நூல்கள் இணையத்தில் இரண்டு வடிவில் கிடைக்கின்றன. ஒன்று பக்கத்தின் படம், இன்னொன்று தட்டச்சு செய்த எழுத்து. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பெரும்பாலும் படங்கள். படத்தில் பதிப்பு ஐயம் கிடையாது, அச்சிட்டது அப்படியே கண்முன் இருக்கிறது. ஆனால் சொல் தேட முடியாது. இன்னொரு தடையும் உண்டு. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அச்சான புத்தகங்களில் லை, ணை, னை எல்லாம் யானைத் துதிக்கை போல் வளைந்திருக்கும். றாவும் னாவும் வேறு உருவம். இன்றைய பிள்ளைகள் அதைக் கண்டால் இது என்ன மொழி என்று கேட்கிறார்கள். ஸ்கேன் செய்த பழைய நூல் அவர்களுக்குத் திறந்திருந்தும் பூட்டியிருக்கிறது. பார்வையற்றவர்களுக்குப் படத்தால் ஒரு பயனும் இல்லை. எழுத்தாக இருந்தால் கணினி வாசித்துக் காட்டும்.

மதுரைத் திட்டத்தில் எழுத்து இருக்கிறது, படம் இல்லை. ஐயம் வந்தால் வேறு இடத்தில் தேடி ஒப்பிட வேண்டும். இந்தக் குறையைத் தீர்க்கும் வழியைத் தமிழ் விக்கிமூலம் காட்டியது. அங்கே பக்கத்தின் படம் ஒரு புறம், எழுத்து மறு புறம். தமிழ் இணையக் கல்விக்கழகம் கொடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாட்டுடைமை நூல்கள் அதில் உள்ளன. எழுத்துணரி முதலில் படித்துத் தருகிறது, மனிதர் திருத்துகிறார். திருத்தாத பக்கம் சிவப்பு, ஒருவர் பார்த்தது மஞ்சள், இரண்டாமவரும் பார்த்தது பச்சை. யார் எந்த நாளில் எந்த எழுத்தை மாற்றினார் என்பது தானாகவே பதிவாகிறது. முகப்புத் தாள் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒட்டிக்கொண்டது போல.

நானும் அங்கே சில மாதம் நாளுக்குப் பத்துப் பக்கம் பார்த்தேன். எழுத்துணரி துணைக்காலை ரகரமாகப் படித்துவிடும், துதிக்கை எழுத்தைக் கண்டால் திகைத்துவிடும். அவற்றைத் திருத்துவது எளிது. என் பிழை வேறு விதம். பழைய நூலாசிரியர் ‘சென்னப்பட்டணம்’ என்று எழுதியிருந்ததை, நாற்பது வருடச் சிவப்பு மைப் பழக்கத்தில், ‘சென்னைப்பட்டினம்’ என்று திருத்தி வைத்தேன். இரண்டு நாளில் யாரோ ஒரு இளைஞர் பழையபடி மாற்றி, மூலத்தில் உள்ளபடியே இருக்கட்டும் ஐயா என்று ஒரு வரி எழுதியிருந்தார். எனக்கு முதலில் கோபம் வந்தது. பக்கத்தில் இருந்த படத்தைப் பார்த்தேன், கோபம் அடங்கிற்று. படம் இல்லாத இடத்தில் நான் இப்படிச் செய்திருந்தால் என் திருத்தமே மூலமாக நின்றிருக்கும். தட்டச்சு செய்தவர்களில் என்னைப் போன்ற வாத்தியார்கள் எத்தனை பேர் இருந்தார்களோ!

அதற்காக விக்கிமூலம் மேல், மதுரைத் திட்டம் கீழ் என்று சொல்லிவிட முடியாது. விக்கிமூலத்தில் சிவப்புப் பக்கங்களே மிகுதி. திருத்த வழி இருக்கிறது, திருத்துவோர் இல்லை. மதுரைத் திட்டத்தில் ஒரு நூல் வெளிவந்தால் அது முழு நூலாக, ஒருவர் பார்த்து முடித்ததாக வருகிறது. இன்று மாலைக்குள் ஒரு பாட்டு வேண்டும் என்றால் நான் திறப்பது மதுரைத் திட்டத்தைத்தான்.

இல்லாதவை

திட்டத்தின் பல நூறு தலைப்புகளில் சங்க நூல்கள், திருமுறை, பிரபந்தம், சிற்றிலக்கியங்கள், தல புராணங்கள், பாரதி, பாரதிதாசன், கல்கி எல்லாம் உண்டு. மாணவர் பார்வையில் பெரிய குறை உரை. சங்கப் பாட்டின் மூலம் கிடைக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு மூலத்தை மட்டும் கொடுப்பது தேங்காயை உரிக்காமல் கொடுப்பது. நல்ல உரைகளில் பல இன்னும் உரிமைக்கு உட்பட்டவை. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டு உரிமை நீடிக்கும். 1957-இன் சட்டத்தில் ஐம்பதாக இருந்தது, தாகூரின் நூல்களுக்குக் காலம் முடிய வந்தபோது 1992-இல் அறுபது ஆக்கப்பட்டது. மதுரைத் தெருக்களை எழுதிய ஜி. நாகராஜன் 1981-இல் மறைந்தார். சட்டக் கணக்குப்படி 2041 முடியக் காத்திருக்க வேண்டும்.

இந்தக் காத்திருப்பைக் குறைக்கத் தமிழ்நாட்டில் நாட்டுடைமை என்ற வழி இருக்கிறது. 1949-இல் பாரதியின் நூல்களில் தொடங்கியது. அந்த வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி ஆய்ந்து எழுதியிருக்கிறார். 1954-இல் மறைந்த கல்கியின் நூல்கள் சட்டப்படி 2014 முடிவில்தான் பொதுவாகியிருக்க வேண்டும். 1990-களின் இறுதியிலேயே நாட்டுடைமை ஆனதால் முன்கூட்டியே வந்தன. மரபுரிமையாளர்களுக்கு அரசு தொகை கொடுத்துவிடுகிறது, ஆகவே யார் வயிற்றிலும் அடிக்கவில்லை. ஆனால் உரையாசிரியர்களின் வரிசையை முன்னால் வைத்து இதைச் செய்திருந்தால் பள்ளிப் பிள்ளைகளுக்கு நேரடியாக உதவியிருக்கும்.

இன்னொரு குறையும் உண்டு. திட்டத்தின் கண் இலக்கியம் என்று பெயர் பெற்றவற்றின் மேல்தான் முதலில் விழுகிறது. இதற்கு மாறான வழி ஈழத்தில் நடந்தது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. அந்த நினைவோடு வளர்ந்தவர்கள் 2005-இல் தொடங்கிய நூலகம் தளத்தில், நூலோடு செய்தித்தாள், பள்ளி மலர், சங்க அறிக்கை, துண்டு வெளியீடு எல்லாவற்றையும் சேர்க்கிறார்கள். எது இலக்கியம் என்று அவர்கள் கேட்கவில்லை, எது அழியப் போகிறது என்று கேட்டார்கள். மதுரைப் புதுமண்டபத்தில் நாங்கள் சிறுவயதில் வாங்கிய பெரிய எழுத்துக் கதைகள், திருவிழாவில் அச்சிட்டு விற்ற கும்மிப் பாட்டுகள், ஊர்க் கோயில் அம்மானைகள் ஆகியவற்றில் மிகச் சிலவே மின்வடிவம் கண்டிருக்கின்றன.

என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. எங்கள் பக்கத்துத் தெய்வம் ஒன்றின் மேல் பாடிய கும்மி, முப்பது பக்கத்துக்குள். அம்மா வைத்திருந்தது. அட்டையும் முதல் நான்கு பக்கமும் இல்லை. ஆகவே பாடியவர் பெயரும் அச்சகமும் ஆண்டும் தெரியவில்லை. ஆண்டு தெரியாததால் உரிமைக் கணக்கும் போட முடியவில்லை. பாட்டு முழுவதையும் தட்டச்சு செய்துவிட்டேன். முகப்பில் எழுத ஒன்றும் இல்லாமல் கோப்பு அப்படியே இருக்கிறது. கருங்காலக்குடியில் ஒரு வீட்டில் இன்னொரு படி அட்டையோடு இருப்பதாகச் சொல்கிறார்கள். வீட்டுக்காரர் வெளியூரில் இருக்கிறார், பொங்கலுக்கு வருவாராம்.